ஊற்றுமேட்டுச் செடி

நெல்லிக்கொல்லை, ஜவ்வாதுமலை
11 டிசம்பர் 2022

அறிவு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். இங்கே டவரும் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால் கடிதம். படிக்காமல் கிழித்துப் போட மாட்டாய் என்று ஒரு நம்பிக்கைதான்.

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு உறைவிடப் பள்ளியில் இப்போது வேலை பார்க்கிறேன். ஊருக்கு மேலே ஒரு மேடு. அங்கே பாறைக்கு அடியில் ஒரு ஊற்று கசிகிறது. ஊர்ப் பெண்கள் குடிநீருக்கு அங்கேதான் ஏறிப் போகிறார்கள். அந்த ஈரத்தில், பாய் விரித்த அளவு இடத்தில் மட்டும், தரையோடு தரையாக ஒரு செடி படர்ந்திருக்கிறது. இலை சின்னது, வழவழப்பானது, எதிரெதிராக இருக்கிறது. நுனி மட்டும் நிமிர்ந்து அதில் பூ. பூ கொத்தமல்லி விதையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வெளிறிய நீலம். உட்கார்ந்து குனிந்து பார்த்தால்தான் அதில் கரு நீலக் கோடுகள் தெரிகின்றன.

படிக்கிற காலத்தில் நாம் இருவரும் இந்த மலையில் எத்தனையோ செடி சேகரித்தோம். இதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பக்கத்து ஓடைகளிலும் தேடிவிட்டேன். வேறு எங்கும் இல்லை. ஒரு துண்டைப் பேப்பரில் அழுத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன செடி என்று நீதான் சொல்ல வேண்டும். பார்க்கிற கண் எப்போதும் உன்னுடையதுதான், எனக்குப் பை தூக்கத்தான் தெரியும்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வளவன்

*

வேங்கிக்கால்
18 டிசம்பர் 2022

வளவன்,

கவர் வந்துது. உன் கையெழுத்தைப் பாத்துட்டு அம்மா அதை மிக்ஸி பக்கத்துலயே வெச்சிட்டாங்க. அப்புறம் அவங்களே கொண்டாந்து மடியில போட்டுட்டுப் போனாங்க.

நீ அனுப்பினது நசுங்கிப்போச்சு. நாலு இதழ், எதிரெதிர் இலை, ஈரமான எடம். பற்படாகம்தான். கீழ்பென்னாத்தூர் பக்கம் எந்த வரப்புல வேணா பாக்கலாம். இதுக்கு ஒரு கவரு, ஒரு ஸ்டாம்பு.

"கேட்க நினைத்தேன், கேட்கவில்லை"னு எழுதியிருக்க. அதை எழுதின நேரத்துக்குக் கேட்டே இருக்கலாம். நானே சொல்றேன். ஸ்கூட்டியில அடிபட்டு ரெண்டு வருஷம் முடிஞ்சிது. இடுப்புக்குக் கீழ எந்த மாற்றமும் இல்ல. சக்கர நாற்காலியில வீட்டுக்குள்ள எங்க வேணா போவேன். வாசப்படி தாண்டணும்னா ரெண்டு பேரு தூக்கணும். அதனால ஆஸ்பத்திரியைத் தவிர எங்கியும் போறதில்ல. நீட் எழுதற பசங்களுக்கு ஆன்லைன்ல பாட்டனி எடுக்கறேன். கார்த்திகைக்கு மலை மேல தீபம் ஏத்தினதை ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நிச்சயத்துக்கு எடுத்த பட்டுப்புடவை அம்மா பீரோவுல இருக்கு. உங்க வீட்டு ஆளுங்க திருப்பிக் கேக்கல, நாங்களும் குடுக்கல. வேற எதாவது தெரிஞ்சிக்கணுமா?

அறிவுமதி

பி.கு. பூவுக்குள்ள மகரந்தத் தாள் எத்தனைன்னு எண்ணி எழுது. பற்படாகம்னா நாலு இருக்கணும். நசுங்கினதுல எனக்குத் தெரியல.

*

நெல்லிக்கொல்லை
27 டிசம்பர் 2022

அறிவு,

இரண்டு.

ஒரு பூவை நம்பாமல் நிறையப் பூக்களைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இரண்டே மகரந்தத் தாள். நத்தையின் கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாலு இதழும் ஒரே அளவில் இல்லை. மேல் இதழ் அகலம், கீழ் இதழ் ஒடுங்கியிருக்கிறது. இலையில் முடியே இல்லை. தண்டு தரையில் படுத்த இடமெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கிறது. பழைய தண்டு பழுப்பாக, கயிறு மாதிரி மண்ணுக்குள் ஓடுகிறது. அதிலிருந்துதான் புதுத் தளிர் வருகிறது. காயும் கிடைத்தது. தட்டையாக, மேலே பிளந்து, ஒரு சின்ன இதயம் போல. இந்த முறை பஞ்சு வைத்து தீப்பெட்டியில் அனுப்புகிறேன்.

இன்னொரு விஷயம். அந்த ஊற்றில் குடிநீர்த் தொட்டி கட்டப்போகிறார்கள். பாறையை ஒட்டி மண்ணை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டு, அங்கிருந்து குழாய் வழியாக ஊருக்குள் தண்ணீர் வரும். பொங்கல் கழித்து வேலை ஆரம்பம். செடி இருக்கிற இடம்தான் தொட்டிக்கான இடம்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுத ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வளவன்

*

வேங்கிக்கால்
3 ஜனவரி 2023

வளவன்,

தீப்பெட்டியைத் திறந்து லென்ஸ்ல பாத்துட்டு, இருக்கற புத்தகத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேடினேன். நான் எழுதினது தப்பு. பற்படாகம் இல்ல.

இது வெரோனிக்கா வகைச் செடி. ரெண்டு தாள், ஒடுங்கின கீழ் இதழ், இதயக் காய், மூணும் ஒண்ணா இருந்தா வேற எதுவும் இல்ல. இனத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆச்சு. ஒரே வருஷத்துல சாவற வகைங்க இருக்கு. அதுக்கெல்லாம் இலையில முடி இருக்கும், வேர் ஒரே எடத்துல இருக்கும். உன்னோடது கணுவுக்குக் கணு வேர் விட்டு வருஷா வருஷம் துளிர்க்குது. அதனால வெரோனிக்கா செர்பில்லிஃபோலியா. குளிர் தேசத்துல புல்வெளியில சாதாரணமா கெடக்கற செடிதான். ஆனா நம்ம மலையில, இவ்ளோ கம்மி உயரத்துல, ஒரு ஊத்தோட குளிர்ச்சியை மட்டும் நம்பி எப்படி இத்தனை நாள் இருந்துதுன்னு எனக்குப் புரியல. என்கிட்ட இருக்கற எந்தப் புத்தகமும் ஜவ்வாதுமலைன்னு சொல்லல.

இங்கிலீஷ்ல இதுக்கு இருக்கற பேருக்கு "நல்லபடியாப் போய்ச் சேரு"ன்னு அர்த்தம் வருது. ஊரை விட்டுப் போறவங்களுக்குச் சொல்றதாம். உனக்குப் பொருத்தமான செடிதான்.

ஒரு துண்டை உயிரோட எடு. தண்டை மட்டும் கிள்ளாத. கத்தியால மண்ணோட சேத்து, அடை மாதிரி வெட்டி எடு. ஈரச் சாக்குல சுத்து. உரம் வேண்டாம், நேர் வெயில் ஆவாது. எனக்கு ஒரு தொட்டிச் செடி வேணும்.

சிமெண்ட் போட விடக்கூடாது. வர்ற திங்கக்கிழமை மனு நாள். கலெக்டர் ஆபீஸ் எங்க வீட்லேர்ந்து கூப்பிடு தூரம். பக்கத்து வீட்டுக்காரங்களைத் தூக்கி விடச் சொல்லி நானே போய்க் குடுக்கப் போறேன். ரெண்டு வருஷத்துல ஆஸ்பத்திரி இல்லாத ஒரு எடத்துக்கு இப்பதான் போறேன். அம்மா எதுக்குன்னு கேட்டாங்க. ஒரு செடிக்குன்னு சொன்னேன். அழுதுட்டே என் சுடிதாருக்கு இஸ்திரி போட்டாங்க.

அறிவுமதி

*

நெல்லிக்கொல்லை
7 ஜனவரி 2023

அறிவு,

உன் கடிதத்தை இன்று மதியம்தான் கொடுத்தார்கள். இது திங்கட்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஜமுனாமரத்தூர் போகிற ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன்.

மனு கொடுக்காதே.

இங்கே சந்திரம்மாள் என்று ஒரு அம்மா இருக்கிறார். பள்ளிக்குப் பக்கத்து வீடு. புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவர், வருஷத்துக்கு ஒரு முறை வருகிறார். இந்த அம்மா விடியும் முன் இரண்டு குடத்தோடு மேட்டுக்கு ஏறுவார். ஊற்றில் தண்ணீர் சேரக் காத்திருந்து மொண்டு வருவார். சாயங்காலம் மறுபடியும். பாதை முழுக்க வழுக்குப் பாறை. வெயில் காலத்தில் ஊற்று இளைத்துவிட்டால் வரிசையில் சண்டை வரும். இந்தத் தொட்டிக்கு இந்த ஊர் எத்தனை காலமாகக் கேட்டிருக்கிறது என்று எனக்குச் சொன்னார்கள். கேட்டுவிட்டு நான் எந்த வாயால் செடி என்று சொல்வேன்?

செடியும் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. வழி தெரியவில்லை. ஆனால் மனு வேண்டாம். பொங்கல் விடுமுறையில் நீ கேட்ட செடித் தொட்டியோடு நானே வருகிறேன்.

வளவன்

*

வேங்கிக்கால்
20 ஜனவரி 2023

வளவன்,

உன் கடிதம் புதன்கிழமை வந்துது. மனுவைத் திங்கக்கிழமையே குடுத்துட்டேன்.

நல்லாத்தான் நடந்துது. சாய்வு மேடை இருந்துது, யாரும் தூக்க வேண்டியதில்ல. வாங்கிப் படிச்ச அதிகாரி பொறுமையாக் கேட்டாரு. "மூலிகையாம்மா?"ன்னாரு. இல்ல சார்னேன். "பூ விக்கலாமா?"ன்னாரு. அதுவும் இல்ல சார், அங்க மட்டும்தான் இருக்குன்னேன். மனுவுல ஏதோ எழுதிட்டு, ஆளனுப்பி பாக்கச் சொல்றேன், அதுவரைக்கும் வேலையை நிறுத்தி வெக்கச் சொல்றேன்னாரு. நான் சொல்லி ஒண்ணு நின்னு ரொம்ப நாளாச்சு.

அப்புறம் உன் கடிதம். சந்திரம்மாளைப் பத்திப் படிச்சேன். தொட்டியைக் கொஞ்சம் தள்ளிக் கட்ட முடியாதான்னுதான் கேட்டிருக்கேன், தண்ணியே வேண்டாம்னு சொல்லல. அதை அவங்களுக்குச் சொல்லு.

செடி வந்து சேந்துது. மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நீ பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போனியாம். எங்க வீட்டு காம்பவுண்டு சுவரு ஒண்ணுதான் நடுவுல. எட்டிப் பாத்திருந்தா நான் கூடத்துல உக்காந்திருந்தது தெரிஞ்சிருக்கும். மலையிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்தவனுக்கு அந்த ஒரு சுவரு தாண்ட முடியல. ஆஸ்பத்திரியிலயும் மூணு தடவை வந்த, அப்புறம் மலைக்கு வேலை கெடச்சிதுன்னு கேள்விப்பட்டேன். உனக்கு ஆளுங்களைப் பாக்காம போறது பழகிப்போச்சு.

செடித் தொட்டியை வடக்கு ஜன்னல் கிட்ட வெச்சிருக்கேன். போர் தண்ணி உப்பு. அதனால கேன் தண்ணி ஊத்தறேன். ரெண்டு பூ இருக்கு.

அறிவுமதி

*

நெல்லிக்கொல்லை
5 மார்ச் 2023

அறிவு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

பிப்ரவரியில் கலெக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஊற்று கசிவது அந்த ஒரு பிளவில் மட்டும்தான், தள்ளிக் கட்டினால் தண்ணீர் சேராது என்று சொல்லிவிட்டார்கள். மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டு முடிவு வரட்டும் என்று போனார்கள். வேலை நின்றபடியே இருந்தது. மணலும் சிமெண்ட் மூட்டையும் பள்ளி வராந்தாவில் கிடக்கின்றன. இந்த வருஷம் வெயிலும் முன்னதாகவே வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை சந்திரம்மாள் மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்புக் குடம், தலைக் குடம் இரண்டோடும். வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. போர்வையில் கம்பு கட்டித் தூக்கிப் போய் ஜீப்பில் ஏற்றினோம். நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார். "ஏதோ புல்லுக்கோசரம் வேலைய நிறுத்திட்டாங்களாமே சார், அது என்னா புல்லு?" என் பையில் அந்தச் செடியின் ஒரு துண்டு இருந்தது. காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மேலதான் சார் நாங்க கொடத்த வெப்போம். சில்லுனு இருக்கும்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊரில் யாருக்கும் உன் பெயர் தெரியாது. செடியை முதலில் பார்த்தவன் நான், உனக்கு எழுதியவன் நான். ஆனாலும் உன்னிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

வளவன்

*

வேங்கிக்கால்
12 மார்ச் 2023

வளவன்,

நாளைக்குத் திங்கக்கிழமை. மனுவைத் திருப்பி வாங்கிக்கறேன்னு எழுதி வெச்சிருக்கேன். ரெண்டே வரி. மொத மனுவுக்கு நாலு பக்கம் எழுதினேன்.

நடக்க முடியாம படுத்துக் கெடக்கறதுன்னா என்னான்னு இந்த ஊர்ல எனக்குத் தெரியாதா? தெரிஞ்ச நான்தான் இதைப் பண்ணியிருக்கேன். நான் தள்ளி விடலன்னு அம்மா சொல்றாங்க. வழுக்குப் பாறையில யாரு வேணா விழலாம்னு சொல்றாங்க. தொட்டி கட்டியிருந்தா அன்னிக்கு அவங்க அந்தப் பாறையில இருந்திருக்க மாட்டாங்க இல்ல?

அந்த ஆபீஸ்ல வேலையை நிறுத்தி வெக்கறேன்னு அவரு சொன்னப்போ நான் சந்தோஷமா இருந்தேன்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி செடியை எவ்ளோ முடியுமோ அவ்ளோ அடையா வெட்டி எடு. ஒரே எடத்துல வெக்காத. பள்ளிக்கூடத்துல கை கழுவற தண்ணி போற எடத்துல கொஞ்சம், ஓடை நெழல்ல கொஞ்சம். நட்ட எடத்தை மண்ணோட மண்ணா அழுத்து, வேர் காத்துல நிக்கக்கூடாது. ஆனா இதுக்காக ஒரு நாள் கூட வேலையைத் தள்ளிப் போடச் சொல்லாத.

அறிவுமதி

*

நெல்லிக்கொல்லை
9 மே 2023

அறிவு,

தொட்டி முடிந்துவிட்டது. போன வாரத்திலிருந்து ஊருக்குள் குழாயில் தண்ணீர் வருகிறது. முதல் நாள் பெண்கள் எல்லோரும் குழாயடியில் சும்மாவே நின்றுகொண்டிருந்தார்கள். குடம் நிறைந்த பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றார்கள். அதை நீ பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஊற்றுமேட்டில் செடி இல்லை. கொத்தனார் மண்ணை வாரும்போது நான் பக்கத்தில் நின்றேன். எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். ஓடையோரம் வைத்ததை ஆடு மேய்ந்துவிட்டது. மிச்சத்துக்கு முள் போட்டேன், ஓடையே வற்றிவிட்டது. பள்ளியில் வைத்தது ஏப்ரல் பாதி வரை பச்சையாக இருந்தது. பிறகு இலை ஓரம் சுருண்டு, தண்டு கறுத்தது. தினமும் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பேன். நான் பார்க்கப் பார்க்கவே போய்விட்டது. தண்ணீர் ஊற்றினேன், நிழல் கட்டினேன், நீ சொன்ன எல்லாமும் செய்தேன். அதற்கு வேண்டியது அந்தப் பாறையின் குளிர்ச்சி. அதை நான் எங்கிருந்து கொண்டு வருவேன்? உன்னிடம் இருப்பதுதான் இனி மிச்சம்.

சந்திரம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். எலும்பு சேர்ந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் எழுந்து நிற்க மறுக்கிறார். பயம். நடக்கப் பழக்கிவிட இங்கே ஆள் இல்லை. நான் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். வாசலுக்கு நேரே குழாய். ஒரு நாள் கூட அதில் அவர் கை நனைக்கவில்லை.

நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கல் அன்றைக்கு உங்கள் கேட் வரை வந்தேன். கூடத்தில் நீ பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்லி, பிள்ளைகளோடு சேர்ந்து நீயே சிரித்தாய். பழைய சிரிப்பு. என்னைப் பார்த்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் மூன்று முறையும் நான் உள்ளே வந்ததும் நீ பேசுவதை நிறுத்தினாய். மூன்றாவது முறை, இனி வராதே என்று சொன்னாய். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வளவன்

*

வேங்கிக்கால்
28 மே 2023

வளவன்,

என்னோடதும் போயிடுச்சு.

பெரிய மண் தொட்டியில ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்னத் தொட்டியை வெச்சேன். சுத்தி ஈரத் துணி. மத்தியானத்துல ஐஸ் கட்டி. கத்திரி வெயில் ஆரம்பிச்சப்புறம் ராத்திரியிலயும் சுவரு கொதிச்சிது. அம்மா எனக்குப் போடற டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வெச்சாங்க. அதுல காஞ்சிதா, ஐஸ்ல அழுவிச்சான்னு கூட எனக்குத் தெரியல. வேரைப் பிரிச்சிப் பாத்தேன். கறுப்பா இருந்துது. மேல தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துப்போயிருக்கு. செத்ததுக்குத்தான் நான் ஐஸ் வெச்சிட்டு இருந்திருக்கேன்.

நீ மொதல்ல அனுப்பின துண்டை அட்டையில ஒட்டி, பேரும் எடமும் எழுதி வெச்சிருக்கேன். யாராவது எப்பவாவது கேட்டா இங்க இருந்துதுன்னு சொல்லலாம். யாரும் கேக்க மாட்டாங்க.

நானும் உனக்கு ஒண்ணு சொல்றேன். வராதேன்னு சொன்னேன். நெஜம்தான். அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் இனிமே நடக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் அதை யார்கிட்டயும் சொல்லல, மொதல்ல வந்த ஆளு நீ. யாரு வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த நாளு நீ வருவன்னு நெனச்சேன். அதுக்கடுத்த நாளும் நெனச்சேன். இதுல யாரு பக்கம் தப்புன்னு எனக்கும் இப்ப சொல்லத் தெரியல. செடி விஷயத்துலயும் தெரியல. தண்ணி கேட்டவங்க தப்பா, நீயா, நானா? ஒருத்தரும் கெட்டது நெனைக்கல. ஆனா எல்லாமே போச்சு.

அதை விடு. ஒண்ணே ஒண்ணுதான் நம்ம கையில இன்னும் இருக்கு.

சந்திரம்மாளைக் கூட்டிட்டு வா. எனக்குக் கை, தோளு பயிற்சி குடுக்க தேவிப்ரியான்னு ஒரு பொண்ணு வாரத்துல மூணு நாள் வருது. கேட்டேன். எலும்பு சேந்துட்டா நடக்க வெச்சிடலாம், ஆனா இப்பவே ஆரம்பிக்கணும், நாளாக நாளாக முட்டி மடங்காமப் போயிடும்னு சொல்லுது. நம்ம வீட்ல தங்கட்டும். இன்னொரு படுக்கை ரூம் காலியாத்தான் இருக்கு. அம்மா சரின்னுட்டாங்க. எழுந்து நிக்க பயம்னா அவங்க பயப்படட்டும், நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். நான் யாரு, மனு குடுத்தது யாருன்னு அவங்க வந்தப்புறம் நானே சொல்லிடறேன். திட்டினா திட்டட்டும். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் சரி, எனக்கும் அது பழக்கம்தான்.

வர மாட்டேன்னு சொல்லுவாங்க. ஒரு தடவை சொன்னதும் சரின்னு திரும்பிடாத. அடுத்த நாளும் போய்க் கேளு.

ஜீப்புல பின்சீட்டுல காலை நீட்டி உக்கார வெச்சிக் கூட்டிட்டு வா. பௌர்ணமி அன்னிக்கு வராத. கிரிவலக் கூட்டத்துல ஊருக்குள்ள வண்டி நகராது. வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடு. அம்மா காலையில மார்க்கெட்டுக்குப் போயிருப்பாங்க, நான்தான் வந்து கதவைத் திறக்கணும். எனக்கு நேரம் ஆவும். பெல் அடிச்சிட்டு, உள்ள சத்தமே இல்லன்னாலும், போயிடாத. நில்லு.

அறிவு